எங்களை மூன்றாம் நாடாக்கிவிடுங்கள்

பெறுநர்: வெளியுறவு அமைச்சகம், புது தில்லி.

நகல்: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும், வளைகுடா நாடுகளின் உள்துறை அமைச்சகங்களுக்கும். படிக்கமாட்டார்கள். ஆனாலும் ஒரு மரியாதைக்கு.

பொருள்: அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் கன்னியாகுமரி மாவட்டத்தை 'மூன்றாம் நாடு' என அறிவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். கொரோனா ஓய்ந்து இத்தனை வருஷம் கழிந்து இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்று நினைக்கப்படாது. உங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு ஒரு மேசையைவிட்டு அடுத்த மேசைக்குப் போக எவ்வளவு காலம் ஆகும் என்பது எங்களுக்குப் பழக்கம். அடுத்த தொற்றுக்கு இப்போதே மனு கொடுத்தால்தான் அதற்கடுத்த தொற்றுக்காவது உத்தரவு வரும்.

முதலில் ஒரு பாராட்டு. 2020 மார்ச் 23 முதல் சர்வதேச விமானங்களை நிறுத்தினீர்கள். ஒரு வாரத்துக்கு என்றுதான் முதலில் சொன்னீர்கள். பிறகு மாதக் கடைசி ஆனால் ஒரு சுற்றறிக்கை. தடை அடுத்த மாதக் கடைசி இரவு 11 மணி 59 நிமிடம் வரை நீட்டிக்கப்படுகிறது என்று. அந்த ஒரு நிமிட மிச்சத்தை வைத்துக்கொண்டு எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் காலம் தள்ளின. 2021 டிசம்பர் 15-ல் திறப்போம் என்று சொல்லி, ஒமைக்ரான் வந்ததும் வேண்டாம் என்று விட்டு, கடைசியில் 2022 மார்ச் 27-ல் திறந்தீர்கள். ஒரு வாரம் என்பதை இரண்டு வருஷமாக இழுப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

நடுவில் வந்தே பாரத் என்று மீட்பு விமானங்களும், ஏர் பபிள் என்று ஒப்பந்த விமானங்களும் விட்டது உண்மை. எங்கள் பிள்ளைகள் ஊருக்கு வந்துவிட்டார்கள். திரும்பிப் போவதில்தான் சங்கதி.

சவூதி 2020 செப்டம்பரில் இந்தியாவுக்குக் கதவடைத்தது. குவைத் அதற்கு முன்னமே ஆகஸ்டில் அடைத்துவிட்டது. விதி என்னவென்றால், கடந்த பதினாலு நாளில் இந்தியாவில் கால் வைத்தவன் உள்ளே வரக்கூடாது. தடையில்லாத வேறொரு 'மூன்றாம் நாட்டில்' பதினாலு நாள் குடியிருந்துவிட்டு, மூக்கில் குச்சி விட்டுக் கிருமி இல்லை என்று சீட்டு வாங்கி வந்தால் தாராளமாக வரலாம். கிருமி பதினாலு நாளைக்குள் தலைகாட்டிவிடும் என்பது மருத்துவம். அதை என் வீட்டில் வைத்துப் பார்க்கமாட்டேன், பக்கத்து வீட்டில், உன் செலவில் வைத்துப் பார் என்பது ராஜதந்திரம். மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பையன். சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவன் மாட்டிக்கொண்டான். ஏஜென்ட் ஒருவன் துபாய் பேக்கேஜ் என்றான்: விமானம், விசிட் விசா, பதினாலு நாள் தங்கல், சாப்பாடு, டெஸ்ட், அங்கிருந்து தம்மாம் டிக்கெட். மொத்தம் லட்சத்தைத் தாண்டியது. தங்கச்சிக்குப் போட்டது போக மிச்சமிருந்த நகை பேங்குக்குப் போயிற்று.

துபாயில் ஒரு அறைக்கு ஆறு பேர். அத்தனை பேரும் இந்தியர்கள். கீழ் அறையிலும் இந்தியர்கள், மேல் அறையிலும் இந்தியர்கள், சமைத்துப் போட்டவர் கோழிக்கோட்டுக்காரர். இந்தியர்கள் இந்தியர்களோடு ஒரே அறையில் பதினாலு நாள் படுத்துக்கிடந்து தங்கள் மேலிருந்த இந்தியாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மா தம்மாமுக்கென்று கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்து முதல் வாரத்திலேயே காலி. நேந்திரங்காய் வற்றலை மட்டும் கபீலுக்கு, அதாவது அங்குள்ள முதலாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான்.

இரண்டு மூன்று நாள் பாக்கி. 2021 பிப்ரவரி 3 முதல் இருபது நாட்டுக்காரர்களுக்கு வழியில்லை என்று சவூதி அறிவித்தது. பட்டியலில் இந்தியா இருந்தது, அது பழைய விஷயம். அமீரகமும் இருந்தது. அதாவது, கழுவிக்கொண்டிருந்த தண்ணீரே அழுக்கு என்றாகிவிட்டது. சில நாளில் குவைத்தும் வெளிநாட்டார் யாருக்கும் வழியில்லை என்றது. அப்போது அபுதாபியில் இருக்கும் உங்கள் தூதரகம் ஓர் அறிவுரை வெளியிட்டது: சவூதிக்கும் குவைத்துக்கும் போவதற்காக அமீரகம் வராதீர்கள், வந்தவர்கள் ஊர் திரும்புவதை யோசியுங்கள், பயணம் கிளம்புகிறவர்கள் போதிய பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வரியை அந்தப் பையன் போனில் வாசித்துக் காட்டினான். அறையில் ஆறு பேரும் சிரித்தார்களாம். அந்த நாட்களில் மலையாளி அமைப்புகள் பலருக்குச் சோறு போட்டன. தமிழன் மலையாளி என்ற பேதமெல்லாம் களியக்காவிளை எல்லையில்தான். அமீரகத்தில் பசிக்கிறவன், பசிக்காதவன் என்று இரண்டே சாதி.

பையன் வற்றலோடு திரும்பி வந்தான்.

அடுத்து ஏப்ரலில் நேபாளம். காத்மாண்டுவிலிருந்து மூன்றாவது நாட்டுக்குப் பறக்கும் இந்தியன், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்பது வழக்கம். தன் நாட்டைவிட்டு ஏற்கெனவே வெளியேறிவிட்டவன், மேலும் வெளியேற ஆட்சேபம் இல்லை என்று தன் நாட்டிடமே சீட்டு கேட்கிறான். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு பத்ம விருதாவது கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பையனுடைய அம்மாவுக்கு நேபாளத்தில் நம்பிக்கை. "அங்க பசுபதிநாதர் இருக்காருல்லா, ஒண்ணும் வராது மக்கா" என்று நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள். பசுபதிநாதர் இருந்தார். ஆனால் ஏப்ரல் கடைசியில், எங்கள் நாட்டை வழிச்சத்திரமாக்காதீர்கள் என்று நேபாளம் சொல்லிவிட்டது. மே முதல் வாரத்தில் விமானங்களே நின்றன. பையன் மறுபடியும் ஊர் திரும்பினான். ஓமன் ஏப்ரலிலேயே சாத்தியாயிற்று. மாலத்தீவு மே 13-ல் சாத்தியது. பஹ்ரைனுக்குப் போய்ப் பாலத்தைத் தாண்டினால் தம்மாம்தானே என்று கணக்குப் போட்டவர்கள், ஊசி போட்டவனுக்குத்தான் பாலம் என்றதும் கண்ணெதிரே சவூதியை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கோவிஷீல்டு ஊசிகளுக்கு நடுவே 84 நாள் என்றீர்கள். ஜூன் மாதம் ஒரு சலுகை: வெளிநாடு போகிறவர்கள் 28 நாளில் போட்டுக்கொள்ளலாம், சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணும் சேர்த்துத் தரப்படும். படிக்கப் போகிறவர், வேலைக்குப் போகிறவர், டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் போகிறவர் என்று மூன்று வகை. எங்கள் பையன் இரண்டாம் வகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஒலிம்பிக்ஸா?" என்று கேட்டாளாம். ஓட்டம் என்று பார்த்தால் அவள் கேட்டதிலும் தப்பில்லை.

இந்த நேரத்தில்தான் அவன் அம்மா என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள். இந்த மனுவே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். "அண்ணாச்சி, பதினாலு நாளு வேற ஊருல இருந்தா எல்லாம் போயிருமாம்லா? அப்போ நம்ம சுசீந்திரத்துல ஒரு லாட்ஜ் எடுத்து இருந்தா போவாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆகவே, சுசீந்திரத்தை வேற்று நாடாக்கிவிடுவதுதான் சுலபமான வழி என்று தாழ்மையுடன் கருதுகிறேன்.

தகுதி இருக்கிறதா என்று கேட்பீர்கள். 1947 ஜூன் மாதம் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்தது உங்கள் ஆவணக் காப்பகத்திலேயே இருக்கும். நாங்கள் அப்போது திருவிதாங்கூர். ஜூலைக் கடைசியில் அவர் மேல் வெட்டு விழுந்தது, யோசனையும் கைவிடப்பட்டது. அன்று அதை எதிர்த்தவர்கள் நியாயமாகத்தான் எதிர்த்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 2021-ல் சவூதிக்குப் போக வழியின்றி நின்ற ஒருவன் சர் சி.பி.யை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டிருந்தால் அவனைத் தேசத் துரோகி என்று சொல்லாதீர்கள். பிறகு 1956 நவம்பர் 1-ல், போராடி, உயிர்ப்பலி கொடுத்து, தமிழகத்தோடு சேர்ந்தோம். ஆக, ஒரே வீட்டில் இருந்தபடியே ஒரு சமஸ்தானம், இரண்டு மாநிலம் பார்த்துவிட்ட கிழவர்கள் இங்கே இருக்கிறார்கள். இன்னொரு முறை மாறச் சொன்னால் யாருக்கும் பெரிய அலட்டல் இருக்காது. ரேஷன் கார்டை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.

பரப்பு போதுமா? பஹ்ரைன் எங்கள் மாவட்டத்தில் பாதி வராது. மாலத்தீவின் தரை முழுவதையும் கூட்டினாலும் எங்களில் ஐந்தில் ஒரு பங்கு தேறுமா என்பது சந்தேகம். தூரக் கணக்கும் எங்கள் பக்கம்தான். வான்வழியே அளந்தால் நாகர்கோவிலிலிருந்து சென்னை எவ்வளவோ, மாலேயும் ஏறத்தாழ அவ்வளவே. சென்னை எங்களை நினைக்கும் அளவுக்கு மாலேயும் நினைக்கும் என்பது என் அனுபவம்.

எல்லை நிர்வாகத்தில் எங்களுக்குப் பயிற்சி தேவையில்லை. எங்களுக்கு விமான நிலையம் திருவனந்தபுரம். கலெக்டர் நாகர்கோவிலில். 2020-ல் திருவனந்தபுரத்தில் இறங்கி வீடு வர, அந்தப் பக்கம் கேரளத்தின் ஜாக்ரதா பதிவு, இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் இ-பாஸ். களியக்காவிளையில் அவர்கள் ஒரு துப்பாக்கி மாதிரியான கருவியை நெற்றியில் வைத்தார்கள். நாலு அடி தள்ளி இவர்கள் வைத்தார்கள். நாலு அடிக்குள் காய்ச்சல் கூடியதா குறைந்ததா என்று பார்க்கிற கவனம் இரண்டு தரப்புக்கும் இருந்தது. கிழக்கே ஆரல்வாய்மொழியிலும் சோதனை. ரெண்டு பக்கமும் கதவும் தெற்கே கடலுமாக இருப்பதற்கு நீங்கள் வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

வெளிநாட்டில் மாட்டிக்கொள்வதிலும் நாங்கள் முன்னோடிகள். 2020-ல் ஈரான் துறைமுகங்களில் மாதக்கணக்கில் கிடந்த மீனவர்களில் எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் ஏராளம். கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1-ல் தூத்துக்குடி வந்தது. அந்த மாலுமிகளுக்குக் கும்பிடு. இது பகடி இல்லை. இடம் போதாமல் கரையிலேயே நின்றவர்கள் சிலர் உண்டு. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல்காரர்கள் சுறாவைத் துரத்தி டீகோ கார்சியா வரை போய் பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபடுவது கொரோனாவுக்கு முன்னும் நடந்தது. ஏஜென்டுக்குக் காசு கொடுக்காமல் மூன்றாம் நாட்டில் தங்கியவர்கள் என்று பார்த்தால் அவர்கள்தான்.

நடைமுறையையும் யோசித்து வைத்திருக்கிறேன். வடக்கேயிருந்து வருகிறவர் முப்பந்தலில் இறங்க வேண்டும். அந்தக் கணவாயில், காற்றாலைகளுக்குக் கீழே கால் மணி நேரம் நின்றால், அடிக்கிற காற்றுக்கு வேட்டியே நிற்காது, கிருமி எங்கே நிற்க? பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரை. தங்க இடம் கன்னியாகுமரிக் கடற்கரை லாட்ஜுகள். பெருந்தொற்று என்றால் எப்படியும் அவை காலிதான். காலையில் ஆப்பம், மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் மீன்கறியும், சாயங்காலம் ரசவடை, மட்டிப்பழம். சைவர்களுக்கு அவியல். பதினாலாம் நாள் முடிவில் ஆளுக்கு இரண்டு கிலோ கூடியிருக்கும். பழைய போட்டோவோடு முகம் ஒத்துப்போகாவிட்டால் குடியேற்ற அதிகாரிகள் பெரிது பண்ணக்கூடாது என்று மட்டும் ரியாத்துக்குச் சொல்லிவையுங்கள். துபாயிலும் காத்மாண்டுவிலும் கொட்டிய காசு இங்கேயே சுற்றும். பேங்குக்குப் போன நகை அதே தெருவிலேயே திரும்பி வரவும் வாய்ப்புண்டு.

சவூதி மன்னரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் பாவம் சேரும். மாட்டிக்கொண்டவர்களின் இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியையும் ரீஎன்ட்ரி விசாவையும் காசு வாங்காமல் பல தடவை நீட்டித்தார்கள். அது இல்லாவிட்டால் எங்கள் பையனுடைய வேலை அன்றே போயிருக்கும். 2021 செப்டம்பரில் அமீரகத்துக்கான தடையும் நீங்கியது. மறுபடியும் கடன், மறுபடியும் துபாய், மறுபடியும் ஆறு பேர். இந்தத் தடவை பதினாலு நாளும் முடிந்தது. சவூதியின் தவக்கல்னா செயலியில் பச்சை வந்தது. நவம்பரில் தம்மாம் போய்ச் சேர்ந்தான். இறங்கி மாசம் ஒன்று ஆகுமுன் அறிவிப்பு வந்தது: டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் நேரே வரலாம், அங்கே ஐந்து நாள் தனித்திருந்தால் போதும். தன் வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குத் தோன்ற ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. அப்படிக் கேளுங்கள் என்று நீங்கள் அவர்களிடம் எத்தனை தடவை சொன்னீர்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அவன் இன்னும் அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பேக்கேஜ், ஒரு நேபாளம், வட்டி. ஆகவே, மூன்றாம் நாட்டு அந்தஸ்து தர விதிகளில் இடமில்லை என்று நீங்கள் எழுதினாலும் எனக்கு வருத்தம் இல்லை. அப்படியானால் அடுத்த தடவை அந்தப் பதினாலு நாள் வாடகையை அமைச்சகமே கொடுக்கும் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். அதைச் சட்டம் போட்டு அவன் வீட்டு முன்னறையில் மாட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவு கிடைக்கும்வரை இந்தியன்,
நாகர்கோவில்.

பி.கு.: பதில் எழுதினால் பின்கோடு 629001 என்று மட்டும் போடுங்கள். 'திருவனந்தபுரம் வழி' என்று தயவுசெய்து எழுதவேண்டாம். களியக்காவிளையில் கடிதத்தையும் பதினாலு நாள் நிறுத்திவைத்து, மூக்கு எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள்.