தனியாப் போற அண்ணன்

காரைக்குடியில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். அறுபதுக்கு ஒன்றிரண்டு முன்பின். வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சிகாகோவிலும். தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், அவரைவிட மூத்தவர்களுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டீக்கடையில் நாலு பேர் காதில் விழும்படி அறிவிப்பார்: "ஒரே இரைச்சலா இருக்குப்பா. எங்கிட்டாவது தனியாப் போய் ரெண்டு நாள் கெடந்துட்டு வரணும்."

சொன்னபடி போவார். போகும்போது தனியாகத்தான் போவார். திரும்பும்போதுதான் கணக்கு உதைக்கும். குற்றாலத்துக்குத் தனியாகப் போனவர், யாரோ ஒரு செங்கோட்டைக்காரர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையோடு வந்தார். ஏற்காட்டுக்குத் தனியாகப் போனவர், பக்கத்து அறைக்காரர் மகனுக்குப் புதுக்கோட்டையில் பெண் பார்த்துக் கொடுத்து, கலியாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தார். அவருடைய செல்போனைத் திறந்தால் 'ஏற்காடு மேல்கட்டில்', 'குற்றாலம் எண்ணெய்', 'ஊட்டி குளிர்சுரம்' என்றெல்லாம் எண்கள் இருக்கும். ஆட்களின் சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். உறவு மட்டும் கெட்டியாக நிற்கும்.

இவரைப் புரிந்துகொள்ள இவர் வீட்டைப் பார்க்க வேண்டும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். நடுவே வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, சுற்றிலும் அறைகள். அந்த அறைக்கு அங்கே 'வீடு' என்றே பெயர். மகனுக்குக் கலியாணமானால் அவனுக்கென்று ஒரு வீடு. அதில் போய் நாம் படுக்கலாம் என்று பார்த்தால் கால் வைக்க இடம் இராது. சீர்ச் சாமான், பித்தளை அண்டா, பீங்கான் ஜாடி, பெட்டகம் என்று கூரை வரை அடுக்கியிருக்கும். சாமானுக்கு அறை, ஆளுக்குத் தாழ்வாரம் என்பதுதான் செட்டிநாட்டு ஏற்பாடு. வளவைச் சுற்றிப் பாய் விரித்து முப்பது நாற்பது பேர் வரிசையாகப் படுப்பார்கள். அத்தனை குறட்டைக்கு நடுவே தூங்கி வளர்ந்தவர் அண்ணன். இன்றைக்கு அந்த வீட்டில் அவரும் அவர் மனைவி ஆச்சியும் மட்டும். அங்கே என்ன இரைச்சல் இருக்கும் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

போன வருசம் நான் கொடைக்கானலுக்குப் போனேன். நான் நிஜமாகவே தனியாக இருக்க விரும்புகிற சாதி. வட்டக்கானல் பக்கம், இளவட்டங்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் படுக்கைக்குப் பணம் கட்டியிருந்தேன். எட்டுப் பேருக்கு ஓர் அறை, இரும்பில் மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில், கூடத்தில் கேரம் போர்டு, ராத்திரியானால் முற்றத்தில் தீ மூட்டி கிட்டார். மூலைக் கட்டிலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு புத்தகம் படித்து முடிப்பது என் திட்டம். கதவைத் திறந்தேன். கீழ்க்கட்டிலில் ஒரு ஈரிழைத் துண்டு விரித்து இடம் பிடிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு தேன்குழல் சம்படம். அதன் பக்கத்தில் குரங்குக் குல்லாவோடு அண்ணன்.

"அடடே, வாங்க வாங்க! நீங்களும் தனியாவா?"

துண்டு போட்டு இடம் பிடிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் கூட்டத்தில் இருபது வருசம் நடந்தவர். 400 வருசமாக நடக்கிற நடை அது. வழியில் மண்டபம், மடம், தோப்பு, பள்ளிக்கூடத் திண்ணை என எங்கே நிழல் கிடைத்தாலும் துண்டை விரித்து, விரித்த மறுநிமிடம் தூங்கிவிடுகிற பயிற்சி அவருக்கு உண்டு. இந்த அடுக்குக் கட்டிலெல்லாம் அவருக்கு ராஜ வைபோகம்.

அறையில் மற்ற ஆறு பேரும் முப்பதைத் தாண்டாதவர்கள். பெங்களூர் மென்பொருள் கம்பெனிப் பெண் ஒருத்தி, ஜெர்மன் பெண் ஒருத்தி, கோவைப் பையன்கள் இருவர், கொச்சியிலிருந்து ஒருவர், எந்நேரமும் தூங்கிக்கொண்டிருந்த இன்னொருவர். இந்த மாதிரி ஹாஸ்டலில் ஒருவரை ஒருவர் கேட்பதற்கு மூன்று கேள்விகள் உண்டு. எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், அடுத்து எங்கே. அண்ணனிடமும் மூன்று கேள்விகள் இருந்தன. எந்த ஊரு, அப்பா பேரு என்ன, சாப்பிட்டாச்சா. ஹாஸ்டல் கேள்விகள் ஆளை அடுத்த ஊருக்கு அனுப்பி வைக்கும். அண்ணன் கேள்விகள் பூர்வீகத்துக்கு இழுத்துப் போகும்.

முதலில் சிக்கியது பெங்களூர்ப் பெண். சம்படத்து மூடியில் வெட்டியிருந்த நாலு எழுத்தையும் நாலு புள்ளியையும் உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது வைஃபை பாஸ்வேர்டா?" என்றாள்.

"விலாசம் ஆத்தா. பாட்டையா எழுத்து, ஐயா எழுத்து, அப்பச்சி எழுத்து, கடைசியில எம்பேரு எழுத்து. விசேச வீட்டுல சட்டி மாறிப் போகாம இருக்க வெட்டுறது. இந்த நாலு எழுத்தச் சொன்னா ரங்கூன்லயும் பினாங்குலயும் கடன் குடுப்பாக, அந்தக் காலத்துல." சொல்லிவிட்டு ஆளுக்கு இரண்டு தேன்குழல் கொடுத்தார். பாஸ்வேர்டு வேலை செய்தது.

அடுத்து ஜெர்மன் பெண். "நீ எந்தக் கோயிலு?" என்றார். நகரத்தாருக்குக் கோயில் ஒன்பது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எந்தக் கோயில் என்று தெரிந்தால் பங்காளியா, கொண்டு கொடுக்கிற முறையா என்று தெரிந்துவிடும். கோவைப் பையன் மொழிபெயர்த்தான். தான் கோயிலுக்கெல்லாம் போவதில்லை என்றாள் அவள். "போகாட்டி என்ன, கோயிலுன்னு ஒண்ணு இருக்கும்ல?" என்று அண்ணன் விடவில்லை. எனக்கு அந்த ஒன்பதில் ஒன்றும் கிடையாது. அதை ஒருநாள் அவரிடம் சொன்னபோது, "அதனால என்ன, கொப்புடையம்மன் ஊருக்கே பொது" என்று சேர்த்துக்கொண்டவர் அவர். ஜெர்மனியையும் அப்படி ஏதாவது ஒரு கணக்கில் சேர்த்துவிடுவார் என்று நினைத்தேன்.

ராத்திரி தீயைச் சுற்றி உட்கார்ந்தோம். ஜெர்மன் பெண் பெருமையாக ஒரு சேதி சொன்னாள். இந்த ஹாஸ்டல் என்கிற யோசனையே அவர்கள் ஊர்ப் பள்ளி வாத்தியார் ரிச்சர்ட் ஷிர்மன் தந்ததாம். நடைப்பயணம் வந்த பிள்ளைகள் மழையில் மாட்டிக்கொண்டு படுக்க இடமில்லாமல் தவித்ததைப் பார்த்து, 1912-ல் ஆல்டெனா என்ற ஊர்க் கோட்டையில் உலகத்தின் முதல் இளைஞர் விடுதியைத் திறந்தாராம்.

அண்ணன் குல்லாவைக் கழற்றினார். "1912-ஆ? சரிதான். அதுக்கு முன்னாடியே எங்க ஆளுக சிங்கப்பூரு மார்க்கெட் ஸ்ட்ரீட்டு கிட்டங்கியில படுத்து எந்திரிச்சாச்சு ஆத்தா."

கிட்டங்கிக் கதை தொடங்கியது. நீளமான ஒரு கூடம். ஒருத்தருக்கு ஒரு மேசை, ஒரு பெட்டி, அவ்வளவுதான் இடம். பகலில் அந்தப் பெட்டியடியில் உட்கார்ந்தால் அதுதான் வட்டிக்கடை. ராத்திரி அதே இடத்தில் பாயை விரித்தால் அதுதான் வீடு. எல்லோருக்கும் பொதுவாகச் சமையல்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, மூணு வருசக் கணக்கில் தனியாகக் கப்பலேறி வந்த ஆட்கள். கொண்டுவிக்கப் போறது என்று அதற்குப் பெயர். தனியாக வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கூடிக்கொண்டு 1859-ல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். "தனியாப் போனாத்தானப்பா நாலு பேரு சேருவாக. கூட்டத்தோட போனா அவனவன் வீட்டு ஆளுகளோடதான பேசிக்கிட்டிருப்பான்!"

கிட்டார் வைத்திருந்த பையன் அதைக் கீழே வைத்துவிட்டான். பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது என்று சொல்ல வந்த ஹாஸ்டல் பொறுப்பாளர், பாதிக் கதையில் தானும் உட்கார்ந்து கையை நீட்டித் தேன்குழல் வாங்கினார்.

தீ அணையும் நேரத்தில்தான் விபரீதம். அண்ணன் பெங்களூர்ப் பெண்ணிடம் திரும்பினார். "அப்பாவுக்கு எந்த ஊரு ஆத்தா?"

"சென்னை."

"சென்னை சரி. அதுக்கு முன்னாடி?"

அவள் தயங்கினாள். "தேவகோட்டை."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயில் கேட்டார், விலாசம் கேட்டார், ஆயா வீடு எது என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் விடை வந்தது. அந்தப் பெண்ணின் தாய்மாமன், அண்ணனுடைய பெரியப்பச்சி பேத்தியைக் கட்டியவர். "நீ எனக்குப் பேத்தி முறையில்ல வருது! உங்க அம்மா நம்பர் எங்கிட்ட இருக்கு, இப்பப் பேசிருவோம்" என்று செல்போனை எடுத்தார்.

தீ வெளிச்சத்திலேயே அவள் முகம் வெளுத்தது தெரிந்தது. "ஐயா, வேண்டாம் ஐயா. ஆபீஸ் டிரெய்னிங்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அண்ணன் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நானும் வீட்டுல பழனிக்குன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். மூட்டுவலிக்குக் குளிரு ஆகாதுன்னு ஆச்சி விட மாட்டாக. நான் உங்க அம்மாட்டச் சொல்லல. நீ ஆச்சிட்டச் சொல்லாத." போன் உள்ளே போனது.

நகரத்தார் கோயில் கணக்கில் கலியாணமானவர் தம் குடும்பத்தோடு சேர்ந்து ஒரு புள்ளி. அந்தக் கணக்கில்தான் கோயிலுக்குப் புள்ளி வரி. ஆச்சி ஊரிலும் அண்ணன் மலையிலுமாக இருந்தால் எத்தனை புள்ளி என்று கேட்க நினைத்தேன். நேரம் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

விடியற்காலை ஐந்து மணி. "தம்பிகளா, எந்திரிச்சாச்சா?" என்ற குரல். அன்றைக்கு ஹாஸ்டலின் திட்டம், டால்பின் மூக்குப் பாறையில் சூரியோதயம். அண்ணன் திட்டம் குறிஞ்சியாண்டவர் கோயில். அவர் வேன் பேசியும் முடித்திருந்தார். தூக்கக்கலக்கத்தில் இருந்த ஜெர்மன் பெண்ணிடம், "ஆஸ்திரேலியாவுல பெறந்த வெள்ளக்காரம்மா, இலங்கை பொன்னம்பலம் இராமநாதனக் கட்டி, லீலாவதின்னு பேர மாத்திக்கிட்டு 1936-ல கட்டுன கோயிலு. அவுக கோயிலே கட்டியிருக்காக, நீ வந்து ஒரு கும்புடு போட மாட்டியா?" என்றார். அவளுக்குக் கோயில் கிடைத்துவிட்டது.

கோயிலை ஒட்டிய மலை விளிம்பில் பனி மூடியிருந்தது. கால் மணி நேரம் நின்றோம். சட்டென்று பனி விலகியது. கீழே சமவெளியில், எலுமிச்சம்பழத்தை நட்டுவைத்த மாதிரி ஒரு சின்னக் குன்று. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அந்தா பாரு பழனி. பாத்தாச்சு. இந்தக் கோயிலும் பழனி தேவஸ்தானத்தச் சேந்ததுதான். இனிமே ஆச்சி கேட்டா நான் சொன்னது பொய்யில்ல."

"பஞ்சாமிர்தம்?" என்றாள் பேத்தி.

அண்ணன் முகம் விழுந்தது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதற்கு முன்பே ஆச்சியின் நாக்கு அந்தக் குறியீட்டைக் கொடுத்துவிட்டது. வேறு ஊர் டப்பாவைக் கொண்டுபோய் அவரிடம் நீட்ட முடியாது. ஹாஸ்டலுக்குத் திரும்பி, அரை மணி நேர ஆலோசனைக்குப் பின் முடிவானது: மலைப்பாதையில் நேரே பழனிக்குப் பஸ் பிடிப்பது. "நான் மட்டும் போயிட்டு வர்றேன், நீங்க இருங்க" என்று அண்ணன் சொன்னார். பேத்தி பையை எடுத்தாள். ஜெர்மனி எடுத்தது. கோவை எடுத்தது. கொச்சி எடுத்தது. எந்நேரமும் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து ஷூ தேடினார்.

அறையில் நான் மட்டும் மிஞ்சினேன். எட்டுக் கட்டில், இரண்டு புத்தகம், ஜன்னலுக்கு வெளியே பனி. கேட்டது கிடைத்துவிட்டது. போர்வையை இழுத்துப் போர்த்தினேன். எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. கட்டில் இரும்பு தானாக ஒருதரம் முனகியது. சுவர்க் கடிகாரத்தின் முள் ஓசை, அதுவரை இருந்ததே தெரியாதது, காதுக்குள் வந்து உட்கார்ந்தது. அண்ணன் வீட்டு இரைச்சல் எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்து நிமிடம் தாங்கினேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பழனியில் 1966-ல் வந்த வின்ச்சையும் 2004-ல் வந்த ரோப் காரையும் அண்ணன் இன்னும் புதுசாகவே நினைக்கிறார். எல்லோரையும் படியில்தான் ஏற்றினார். படி 671 என்று எண்ணிச் சொன்னாள் ஜெர்மன் பெண். "693. களைப்புல விட்டிருப்ப" என்றார் அண்ணன், மூட்டைத் தடவிக்கொண்டே. அவள் செல்போனில் இப்போது அவர் பெயர் 'டாட்டா பழனி'. தாத்தா என்று எழுதத்தான் முயன்றாள்.

அடுத்த மாதம் மூணாறுக்குப் போகிறாராம், தனியாகத்தான். ஏழு படுக்கை சொல்லியிருக்கிறார்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஏதாவது ஒரு மலையில், ஏதாவது ஒரு ஹாஸ்டலில், விடியற்காலை ஐந்து மணிக்கு "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கீழ்க்கட்டிலில் இருந்து குரல் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடிக்காதீர்கள். நடிக்கிறவர்களுக்குத் தேன்குழல் கிடையாது.