கேர்னல் மாற்றமும் மடிக்கணினிக் கோளாறுகளும்: களுதாவளை வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

கேர்னல் என்பது மடிக்கணினியின் உறுப்புகளுக்கும் அதில் ஓடும் நிரல்களுக்கும் நடுவே நின்று இரு தரப்புக்கும் பேசிக்கொடுக்கும் மென்பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கியில் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கேர்னலில், வைஃபை, ஒலி, திரை, ரச்பேட் ஆகியவற்றுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் கேர்னலோடேயே வருகின்றன. ஆகவே கேர்னல் மாறும் இரவில் இவையெல்லாம் ஒருசேர மாறுகின்றன. மறுநாட் காலையில் ஏதேனும் ஒன்று ஓடாவிட்டால் பழி யாருக்கு என்பதே ஆய்வுப் பொருள்.

களுதாவளையில் இதுபற்றி நான்கு மதங்கள் உண்டு. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் கொண்ட ஊராகையால் உப்புக் காற்றே காரணம் என்பது முதலாவது. வீட்டின் இளைய பிள்ளை எதையோ நோண்டிவிட்டது என்பது இரண்டாவது. புதுப் பொருளை ஊர் பார்த்ததால் பட்ட நாவூறு என்பது மூன்றாவது. நான்காவது மதம் கேர்னலைச் சுட்டுகிறது. ஆனால் அதைச் சொல்வது பெரும்பாலும் இரண்டாம் மதத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட அதே பிள்ளை என்பதால் சபையில் எடுபடுவதில்லை.

பிறர் மதம் களைந்தே தன் மதம் நாட்ட வேண்டும். உப்பு யூஎஸ்பி துளைகளை அரிக்கும் என்பது உண்மை. எனினும் அது மாதக்கணக்கில் அரிக்குமே தவிர, அப்டேட் முடியும் நேரம் பார்த்து அரிக்காது. இங்கே நுட்பமான ஓர் இடமுண்டு: வாரக்கணக்கில் மூடியும் திறந்துமே பாவித்த கணினி, அப்டேட்டுக்காகத்தான் முதன்முறை முழுதாக அணைந்து எழும்புகிறது. நெடுநாளாக இருந்த கோளாறு அன்றுதான் வெளியே தெரியும். பழி கேர்னலின் தலையில் விழும். நாவூற்றைப் பொறுத்தவரை, அது வைஃபையை மட்டும் பிடித்து ஸ்பீக்கரை விட்டுவைப்பதன் நியாயம் விளங்கவில்லை. ஊர்ச் சுயம்புலிங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதை ஆய்வு தடுக்கவில்லை. உடைத்துவிட்டு வந்து பழைய கேர்னலை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறது.

ஏனெனில் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகள் புதிய கேர்னலைப் போடும்போது முந்தியதை அழிப்பதில்லை. கணினி எழும்பும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் க்ரப் என்னும் தொடக்கப் பட்டியலை வரவழைத்து, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்பதனுள் சென்றால் பழையது காத்திருக்கும். பழையதில் ஓடிப் புதியதில் ஓடாவிட்டால் குற்றம் மென்பொருளின் பக்கம். இரண்டிலும் ஓடாவிட்டால் பெரும்பாலும் உறுப்பில்தான் கோளாறு. சோதனைக்கு முன் கணினியை முழுதாக அணைக்க வேண்டும். வெறுமனே ரீஸ்டார்ட் செய்தால் சில சில்லுகள் பழைய குழப்பத்தோடேயே விழித்துக்கொள்ளும்.

குற்றம் மென்பொருளில் என்று கண்டபின் ஆராய வேண்டியது, கேர்னலுக்கு வெளியிலிருந்து வந்த டிரைவர்களை. என்விடியா கிராஃபிக்ஸ், சில பிராட்காம் வைஃபை ஆகியவற்றின் டிரைவர்கள் ஒவ்வொரு கேர்னலுக்கும் புதிதாகக் கட்டப்பட வேண்டியவை. வெற்றிலைக் கொடிக்கு நட்ட கம்பை மாற்றினால் கொடியைத் திரும்பக் கட்டுவதுபோல, இந்த வேலையை டிகேஎம்எஸ் என்னும் கருவி செய்கிறது. கேர்னலின் ஹெடர் கோப்புகள் வந்து சேராவிட்டால் அது கை விரித்துவிடும். ஹெடரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு ஹெடர் வேண்டும். பக்கத்து வீட்டு ஹொட்ஸ்பொட் இங்கே உதவாது. கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து டேட்டாவைப் பகிர்வது ஒரு வழி. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கட்டிய டிரைவர் கையொப்பமின்றி இருந்தால் கேர்னல் அதை உள்ளே விடாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒலி போய், அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் காட்டினால், ஒலிச் சில்லுக்கான ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்காமையும் காரணமாகலாம். கேர்னலின் பதிவேட்டில் எந்தக் கோப்பைத் தேடிக் காணவில்லை என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்கும். ஆனால் வாசிப்பார் அரிது. பற்றரி விரைவில் இறங்குவதில் கேர்னலுக்கும் பங்கிருக்கலாம். நாலைந்து வருடப் பற்றரியானால் முதலில் பற்றரியையே சந்தேகிக்க வேண்டும்.

மென்பொருள் வன்பொருளைக் கெடுக்காது என்பாரும் உளர். அது பொருந்தாது. 2008இல் 2.6.27 கேர்னலின் சோதனைப் பதிப்பு, இன்டெல் வலையட்டைகள் சிலவற்றின் உள்நினைவையே சிதைத்தது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10ஐப் பதிவிறக்கும் வசதி நிறுத்தப்பட்டது: அதன் கேர்னலில் இயக்கப்பட்டிருந்த ஒரு டிரைவரால் லெனோவோ முதலிய சில மடிக்கணினிகளில் பயோஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாமற்போயிற்று. 2022இல் 5.19.12 பதிப்பு இன்டெல் கிராஃபிக்ஸ் கொண்ட சில மடிக்கணினிகளில் திரையை மின்னவைத்தது. திரைக்கே சேதம் வரலாம் என்ற எச்சரிக்கையோடு, அடுத்த பதிப்பில் அந்த மாற்றங்கள் நீக்கப்பட்டன.

குற்றவாளியான மாற்றத்தை இனங்காண ‘பைசெக்ட்’ என்னும் முறையுண்டு. ஒரு பதிப்புக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் வரினும், பாதி பாதியாகக் கழித்தால் ஏறத்தாழ 14 சோதனைகளில் முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கேர்னலைப் புதிதாகக் கட்ட வேண்டுமாகையால், மின்சாரம் நம்பிக்கையாக உள்ள நாளுக்கே இது உகந்தது.

எஞ்சியது, இரண்டு கேர்னலிலும் ஓடாத கணினி. அது கடைக்குப் போகும். திருத்துபவர் சிலர் முதலில் செய்வது, டிஸ்க்கை அழித்து விண்டோஸ் போட்டுப் பார்ப்பது. பழைய கேர்னலும் பதிவேடும் வீட்டுப் படங்களும் அத்தோடு போய்விடும். ஆதலால் வேண்டிய கோப்புகளையும் பதிவேட்டையும் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம் என்பதைக் கணினி மூடியில் பெரிய எழுத்தில் ஒட்டியே கொடுக்க வேண்டும்.