சண்டிலிப்பாய் வீபிஎஸ் இலக்கணம்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் இணையத்தளம் வைத்திருப்போர் நான்கு வகையினர்: கோயிற்சபையார், பழைய மாணவர் சங்கத்தார், ரியூசன் நடத்துவோர், மரண அறிவித்தல் போடுவோர். கடைசி வகையாருக்கு மட்டும் வாடிக்கை குறைவதேயில்லை. நால்வருக்கும் கட்டணம் கட்டுபவர் ரொறன்ரோவில் இருப்பார் என்பது பொதுவிதி.

இத்தளங்கள் குடியிருக்கும் இடமும் நான்காகும். பொதுக்குடியாவது ஒரே சேர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் நெருக்கியடித்து இருப்பது. தனிக்குடியாவது முழு இயந்திரமும் ஒருவருக்கே. அது காசுள்ளவர் கதை, விடுக. சொந்தவீடாவது சேர்வரை வீட்டு மேசைக்குக் கீழே வைத்து ஓட்டுவது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் மின் வெட்டினார்கள். அத்தோடு இவ்வகை பற்றிய ஆராய்ச்சி முற்றிற்று. எஞ்சியது பங்குக்குடி. அதுவே வீபிஎஸ் என்க.

அஃது எத்தன்மைத்தோ எனின், பங்குக் கிணற்றின் தன்மைத்து. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதியிருக்கும். முறை வந்தவருக்கு அந்த நேரம் முழுக் கிணறும் சொந்தம். சேர்வரின் செயலியும் அப்படித்தான்: நொடியைச் சிறுசிறு துண்டாக்கி, குடியிருப்போருக்கு மாறி மாறி முறை விடும். முறை வைக்கும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர். நினைவகமும் வட்டும் முறைக்கு விடப்படுவதில்லை. அவற்றை எல்லை போட்டுப் பிரித்தே கொடுப்பார்கள். குடியிருப்பவரோ முழு இயந்திரமும் தன்னுடையதென்றே நம்பியிருப்பார். அந்த நம்பிக்கைக்குத்தான் மாதாமாதம் வாடகை.

இவ்வித்தை புதிதன்று. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தார் பெருங்கணினியில் செய்து பார்த்து, 1972இல் வீஎம்/370 என்று வெளியிட்டனர். 1974இல் பொபெக், கோல்ட்பேர்க் என்னும் இரு ஆசிரியர் இதற்குச் சூத்திரமே செய்தனர். இயந்திரத்தின் பொது நிலையைத் தொடும் கட்டளையைக் குடியிருப்பவர் இட்டால், அது ஓடாமல் நின்று ஹைப்பர்வைசரிடம் போக வேண்டும் என்பது அதன் கருத்து. இன்ரெல் செயலி இதற்கு அடங்கவில்லை. பென்ரியத்தை ஆராய்ந்தவர்கள், நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் ஓடிவிடும் 17 கட்டளைகளை 2000இல் எண்ணிக் காட்டினர். வீஎம்வெயர் நிறுவனம் அவற்றை ஓடும்போதே திருத்தி எழுதியது. 2003இல் வந்த சென் என்னும் ஹைப்பர்வைசர் குடியிருப்பவரின் இயங்குதளத்தையே மாற்றச் சொன்னது. 2005இல் இன்ரெல் தன் பிழையைச் செயலிக்குள்ளேயே திருத்திக்கொண்டது. 2007இல் கேவிஎம் என்னும் ஹைப்பர்வைசர் லினக்ஸுக்குள் புகுந்தபின் பங்கிடுவது யாருக்கும் கைவந்த வேலையாயிற்று.

வீபிஎஸ் தானும் இரண்டாம்: கேர்னல் (இயங்குதளத்தின் கரு) வேறாயது, கேர்னல் ஒன்றாயது. முன்னையதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கேர்னல் உண்டு. லினக்ஸோ விண்டோஸோ, விரும்பியதை ஏற்றலாம். கேவிஎம் இவ்வகை. பின்னையதில் எல்லாருக்கும் ஒரே கேர்னல். அது விழுந்தால் எல்லாரும் விழுவர். ஓபன்வீசெட் இவ்வகை. விலைப்பட்டியலில் இவ்வேறுபாடு சின்ன எழுத்தில் கிடக்கும். நான் இரண்டாவதைப் பரிந்துரைப்பதில்லை.

அயலார் இயல்பு சற்று விரித்துரைக்கத்தக்கது. அயலார் மூவகைப்படுவர்: தூங்குவோர், ஒழுங்காக இறைப்போர், திருவிழாக்காரர். சீரணி அம்மன் தேரன்று உம்முடைய அயலவர் நேரலை விட்டாரென்று வையுங்கள். விற்றவர் செயலியை அளவுக்கு மிஞ்சிய பேருக்கு விற்றுமிருந்தால், உமது ரியூசன் தளம் மூச்சு வாங்கும். ஆர் கள்ளன் என்று கண்டுபிடிக்க வழியில்லை. களவு போன அளவைக் காண வழியுண்டு. லினக்ஸ் முனையத்தில் டாப் (top) என்று தட்டுங்கள். மூன்றாம் வரியின் கடைசியில் எஸ்டி (st) என்றொரு எண் நிற்கும். உமக்கு வேலை இருந்தும் செயலி கிடைக்காமல் காத்திருந்த நேரத்தின் விழுக்காடு அது. எப்போதாவது ஒன்று இரண்டு வந்தால் பொறுக்கலாம். நாள்முழுக்கப் பத்துக்கு மேல் நின்றால் வேறு சேர்வருக்கு மாற்றித் தரக் கேளுங்கள். மாட்டேன் என்றால் பெட்டியைக் கட்டுங்கள்.

பராமரிப்பு இருவகை: அவர்கள் பார்ப்பது, நீங்கள் பார்ப்பது. மலிவானதெல்லாம் இரண்டாவது. ரூட் கடவுச்சொல் கையில் கிடைத்த சிறிது நேரத்திலேயே எங்கிருந்தோ வரும் நிரல்கள் தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையும் 22ஆம் வாயிலில் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கத் தொடங்கும். சபைச் செயலாளரின் மகன் ஏஎல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தால் கதவைப் பூட்ட ஆளில்லை.

இறுதியாக, காப்புப் பிரதி இரண்டு வகை: எரிவது, எரியாதது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று தீயில் போனது. பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்குத் தளமும் பிரதியும் போயின. ஆகவே கும்பாபிஷேகப் படங்களின் ஒரு பிரதியை வேறு ஊர் சேர்வரிலும், இன்னொன்றைச் செயலாளர் வீட்டு ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள். ரொறன்ரோக்காரரின் கடனட்டை எந்த மாதம் காலாவதியாகும் என்றும் இன்றைக்கே கேட்டுவையுங்கள்.