பீச்சாங்கைக் கிட்டார்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டில் கிட்டார் இருக்கும். பெரும்பாலும் பீரோவுக்கு மேலே, கறுப்பு உறைக்குள். ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால் மற்றவர்கள் நேரமில்லை என்பார்கள். நம்மாள் அப்படிப் பொதுவாகச் சொல்லித் தப்பிக்கிறவர் இல்லை. "நான் லெஃப்டி" என்பார்.

முப்பதைத் தாண்டியவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை, கொரட்டூரிலோ திருமுல்லைவாயலிலோ இ.எம்.ஐ. வீடு. சாப்பிடுவது சோத்துக்கையில்தான், பாட்டி புறங்கையில் தட்டித் தட்டிப் பழக்கியது. எழுதுவதும் அதே கையில். அது டீச்சர் உபயம். பல் தேய்ப்பதும் பந்து எறிவதும் மட்டும் பீச்சாங்கை. இந்த அரை இடக்கைக்காரர் கிட்டார் கடைப் படியேறும்போது முழு இடக்கைக்காரராகிவிடுகிறார்.

"லெஃப்ட் ஹேண்ட் இருக்கா?"

"ஆர்டர் போட்டாத்தான் சார் வரும். ரைட்டையே கம்பி மாத்திக் குடுத்திடறேன். ஹெண்ட்ரிக்ஸே அப்படித்தானே வாசிச்சாரு."

ஹெண்ட்ரிக்ஸ் பெயர் காதில் விழுந்ததும் நம்மாள் கார்டை நீட்டிவிடுவார்.

அதன்பிறகு அவருக்குச் சரித்திர ஞானம் கரைபுரண்டு ஓடும். பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸை ஏன் வாங்கினார்? இரண்டு பக்கமும் ஒரே வளைவு, திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்க அம்மாள் கம்பியைக்கூட மாற்றாமல் கிட்டாரை அப்படியே கவிழ்த்துப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் பேஸையும் வாசித்தார். இவ்வளவும் சொல்வார். "சரி, நீங்க ஒண்ணு வாசிங்களேன்" என்றால், கர்நாடக சங்கீதத்துக்குத் தாவிவிடுவார். இடக்கை மிருதங்க வித்வான் வந்தால் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வயலின்காரரே இடம் மாறி உட்காருகிறாராம். கிட்டாருக்கு அந்த மரியாதையை யார் கொடுத்தார்கள்? நியாயமான கேள்விதான், ஆனால் கேட்ட பாட்டு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளாஸ், ஒரு மாடி வீட்டு ஹாலில். பிள்ளைகள் வரிசையாகப் பாய் மேல் உட்கார்ந்தால் எல்லாக் கிட்டாரின் கழுத்தும் ஒரே பக்கம் நீளும். இவருடையது மட்டும் எதிர்ப்பக்கம். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்து எட்டாம் வகுப்புப் பையனின் கிட்டார்த் தலையோடு இவர் கிட்டார்த் தலை மோதும், இரண்டுக்கும் சுருதி போகும். மாஸ்டர் இவரை வரிசையின் வலது கோடியில், வாசலோரம் போட்டார். அப்போதிலிருந்து கழுத்து வாசற்படிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கேன் போடுகிறவர் வாராவாரம் அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார்.

மாஸ்டர் பொறுமைசாலி. "தம்பி, ரைட் ஹேண்ட் கிட்டார்ல கார்டு பிடிக்கிற கை எது? இடது. கஷ்டமான வேலையெல்லாம் அதுக்குத்தான். உங்களுக்கு அது லாபம்தானே? மார்க் நாஃப்ளரும் இடக்கைக்காரர்தான், எல்லாரையும் மாதிரிதான் பிடிக்கிறாரு."

"ரிதம் இருக்கே சார். அது நம்ம ஸ்ட்ராங் கையில இல்ல இருக்கணும்?"

இதற்கு மாஸ்டரிடம் பதில் இல்லை. உண்மையிலேயே இரண்டு கட்சியிலும் ஜாம்பவான்கள் இருக்கிறார்கள். நம்மாள் அந்த இரண்டு கட்சிக்கும் நடுவே மாதக்கணக்கில் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

அவருடைய கடைசி அரண் 'நட்'. கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் சின்ன வெள்ளைப் பட்டை அது. தடித்த கம்பிக்கு அகலமான பள்ளம், மெல்லியதற்கு மயிரிழைப் பள்ளம். கம்பிகளை இடம் மாற்றினால் தடித்தது உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கும்; மெல்லியது தொளதொளத்து 'ஜிர்ர்' என்னும். "நட் சரியில்ல, அதான் வாசிக்கல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா காதில் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நட்டைப் பார்த்தார். "இவ்வளவுதானா? சைக்கிள்ல இடது பெடலுக்கு லெஃப்ட் த்ரெட்டுதான். 1949-ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் இதே அம்பத்தூர்ல லட்சக்கணக்குல போட்டிருக்கான். இடதுக்கு இடது மாதிரி செஞ்சா முடிஞ்சுது" என்றார். ஓர் எலும்புத் துண்டு, ஓர் ஊசி அரம், ஒரு சாயங்காலம். அடியில் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கிச் சாய்வாக உட்கார்ந்திருந்த சாடிலையும் விடவில்லை. அதன் தலையை எதிர்ப்பக்கம் சாய்த்துத் தேய்த்து, சுருதி விலகாமல் செய்துவிட்டார். மகன் முகத்தில் அன்று தெரிந்த துக்கத்தை வீட்டில் யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

இப்போது எஃப் கார்டில் நிற்கிறார். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒருசேர அமுக்க வேண்டிய கார்டு அது. எந்தக் கைக்காரனாக இருந்தாலும் முதலில் கட்டை மாதிரி 'டொக்' என்றுதான் கேட்கும். இவருக்கு அது இடக்கைக்காரர்களுக்கென்றே வைத்த சோதனை.

இந்த ரகத்துக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. இவர் கிட்டாரை யாரும் இரவல் கேட்க முடியாது, பிறர் கிட்டாரில் இவரை யாரும் வாசிக்கச் சொல்லவும் முடியாது. போன மாதம் பூந்தமல்லியில் மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிந்ததும் யாரோ ஒரு கிட்டாரை நீட்டினார்கள். நம்மாள் வாங்கி, பக்குவமாகத் தடவிக்கொடுத்து, "அடடா, ரைட் ஹேண்டா? லெஃப்ட்டா இருந்தா ஒரு ராஜா சார் பாட்டு வாசிச்சிருப்பேன்" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மச்சினி மகன் அதை வாங்கி, அப்படியே திருப்பி அவர் மடியில் வைத்தான்.

"இப்ப லெஃப்ட் ஆயிடுச்சு பெரியப்பா. வாசிங்க."

"நட் மாத்தணுமேடா கண்ணா."

பந்தலின் அந்தக் கோடியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார்.

"அரம் வண்டி டிக்கியிலதான்டா இருக்கு."