அரியலூர்ப் பல்: ஒரு பாறையியல் விசாரணை

அரியலூர்ப் பல் என்று எழுதத் தொடங்குபவர் எந்தப் பல் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இம்மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைப் பல்லை வைத்து 2013இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வே வெளியானது. ட்ரூடான்டிட் என்ற டைனோசர் குடும்பம் வடக்குக் கண்டங்களில் மட்டுமே வாழ்ந்தது என்ற எண்ணத்தை அந்தப் பொடிப் பல் அசைத்தது. அது முதலை இனத்தின் பல்லாக இருக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. அறிவுலகில் பல்லுக்கும் பகையாளி இருக்கிறான்.

பெரம்பலூர்ப் பக்கம் காரையில் சுறாப் பற்கள் கிடைக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். கடல் போய்விட்டது, சுறா போய்விட்டது, பல் பளபளப்போடு இருக்கிறது. அதே மண்ணில் பிறந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் பன்னீர் சோடாவை ஒரு மடக்குக் குடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறார். இந்த முரண்பாட்டை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுகொள்ளவில்லை. எனவே நாம்.

பல் கூசுவதற்கும் பழுப்பதற்கும் காரணம் கேட்டால் டீக்கடை பெஞ்சில் ஒரே குரல்தான்: “சுண்ணாம்புத் தண்ணி சார். குண்டான்லயே வெள்ளையாப் படியுது, பல்லு மட்டும் தப்பிக்குமா?” கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குற்றவாளி மாறிவிட்டார். குண்டானில் படியும் கால்சியம் பல்லைப் பழுப்பாக்குவதில்லை. பழுப்பாக்குவது ஃப்ளூரைடு, அதுவும் ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901இல் இந்தக் கறையைக் கவனித்தார். காரணம் பிடிபட 1931 ஆயிற்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்து 1937இல் ஃப்ளூரைடு பாதிப்பு பற்றிய செய்தி வந்தது. நம் காலத்தில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இதற்காகவே 2013இல் ஒகேனக்கல் தண்ணீரைப் பெற்றன. வேடிக்கை என்னவென்றால், சுறாவின் பல் உறுதியாக இருப்பதற்கும் அதே ஃப்ளூரின்தான் துணை. அதன் பல் மேற்பூச்சு ஃப்ளூர் அபடைட். நமது எனாமல் ஹைட்ராக்ஸி அபடைட். பேஸ்டில் ஃப்ளூரைடு சேர்ப்பதெல்லாம் நம்மைக் கொஞ்சம் சுறாவாக்கும் முயற்சி.

இனி கூச்சம். இதற்குத் தண்ணீரை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க வேண்டும். செங்கல் பொடி, உமிக்கரி, அடுப்புச் சாம்பல், ஆற்று மணல் என்று வழிவழியாக வந்த பல்துலக்கு மரபுகளில் செங்கல் மரபே மிகத் தீவிரமானது. அதன் ஆதரவாளர்கள் ஆள்காட்டி விரலால் பக்கவாட்டில் தேய்ப்பார்கள். சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டால்தான் துலக்கியதாகக் கணக்கு. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் எனாமல் 5. செங்கல் பொடியிலும் மணலிலும் உள்ள குவார்ட்ஸ் 7. முடிவைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை. எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் இன்னும் மென்மை, ஏறக்குறைய அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் அளவுக்கு. ஈறு இறங்கிய இடத்தில், பல்லின் கழுத்தில், எனாமலின் காவல் இல்லை. அங்கே தினமும் இருவேளை பக்கவாட்டில் தேய்த்தால் உருவாகும் ஆப்பு வடிவப் பள்ளம், ஊரைச் சுற்றியுள்ள திறந்தவெளிச் சுரங்கங்களின் நேர்த்தியான சிறுவடிவம். செங்கல்லைக் கைவிட்டு முரட்டு பிரஷ்ஷுக்கு மாறியவர்களும் சுரங்கத்தை மூடவில்லை, இயந்திரத்தை மாற்றியிருக்கிறார்கள்.

பள்ளத்தில் திறந்து கிடப்பவை நுண்குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம். ஐஸோ, சோடாவோ, வாயைத் திறந்து இழுத்த மார்கழிக் காற்றோ பட்டதும் அவற்றிலுள்ள திரவம் நகர்ந்து உள்ளேயிருக்கும் நரம்பைச் சீண்டும். ஸ்வீடனின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் நிலைநாட்டிய விளக்கம் இது. கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட் பலவற்றில் இருக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு நம் ஊர்ப் பெயர் வெடியுப்பு. கருமருந்தில் வெடிப்பதற்கு உதவுவது, பல்லில் நரம்பைத் தூங்கவைக்கிறது.

புளிப்பின் பங்கையும் பதிவு செய்தாக வேண்டும். பாறை சுண்ணாம்புக்கல்தானா என்று பார்க்கப் புவியியலாளர் அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விடுவார், நுரைத்தால் ஆம். எலுமிச்சை சோடா குடிப்பவர் இதே சோதனையைத் தன் பல்லில் செய்கிறார், நுரை மட்டும் சோடாவுடையது. குடித்த கையோடு பல் துலக்குவது இன்னும் மோசம். அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடும். அரை மணி நேரம் பொறுக்கலாம்.

வெற்றிலைக் கறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாக்கின் துவர்ப்பும் சுண்ணாம்பின் காரமும் சேர்ந்த சிவப்பு அது. மேலே படிந்தது, சுரண்டினால் வரும். குழந்தைப் பருவத்தில் தின்ற டெட்ராசைக்ளின் மாத்திரை தந்த சாம்பல் நிறம் வராது.

கடைசியாகச் சிமெண்ட். அரசு சிமெண்ட் ஆலை 1979 முதல் ஓடும் ஊரில் இதை விட்டுவிட்டால் கட்டுரையை யாரும் ஏற்கமாட்டார்கள். 1993இல் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டொராபினஜாத் குழுவினர் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற பல் மருந்து, அடிப்படையில் சுத்திகரித்த போர்ட்லண்ட் சிமெண்ட். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் கொஞ்சம் பிஸ்மத் ஆக்சைடு கலந்திருக்கும். வேரில் ஓட்டை விழுந்தால் இதை வைத்து அடைப்பார்கள். ஒரு கிராம் வாங்கும் பணத்தில் ஒரு மூட்டையே வாங்கிவிடலாம் என்பதால் கட்டடத் தொழிலாளர் எவரும் இதை வீட்டில் முயல வேண்டாம்; மூட்டையில் உள்ளது வாய்க்கானதல்ல. மருந்து நன்றாகவே அடைத்தது. ஆனால் பல் கருத்தது. சாம்பல் நிறச் சிமெண்ட்தான் காரணம் என்று வெள்ளைச் சிமெண்டில் செய்து பார்த்தார்கள். பிஸ்மத்தை எடுக்கவில்லை, வெள்ளை வைத்த பல்லும் கருத்தது.