ஆட்டுக்காரன் பேச்சு பால்வாடி ஏறுமா?

வா தாயி, புது டீச்சரா? இப்படி ஒக்காரு. பால்வாடிக்கு எதிர்த்தாப்புல இந்த வேப்பமரத்தடிதான் எனக்கு ஆபீசு. நாலு நாளா ஒன் கொரலக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அடேயப்பா, என்னா கணீரு! நேத்து நீ "ஓடாதே!"ன்னு போட்ட சத்தத்துல கம்மாக்கரையில மேஞ்ச என் ஆடு அம்புட்டும் நின்னுபோச்சு. உள்ள இருந்த பிள்ளைகதான் நிக்கல.

மூணு வயசுப் பிள்ளைக்கு "ஓடாதே"ல "ஓடு" மட்டுந்தான் காதுல ஏறும். "பூனை மாதிரி மெல்ல நடந்து வா, பாப்போம்"னு சொன்னா வந்துரும். ஆனா வேணாந்தாயி, அப்புறம் கத்துற வேலை இல்லாமப் போச்சுன்னா சம்பளத்துக்கு என்ன கணக்குக் காட்டுவ?

எம்ஜியாரு 1982-ல சத்துணவு கொண்டாந்தாருல்ல, பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேத்து? அன்னையிலேருந்து இந்த வாசல்ல ஒரு கூத்து. கையக் கழுவிவிட்டு வரிசையா ஒக்காரவச்சா, தட்டு வர அரை மணி ஆகும். முட்டை வாசம் வேற மூக்கத் தொளைக்கும். பக்கத்துப் பிள்ளையத் தள்ளாம என்ன செய்யும்? கல்யாணப் பந்தியில எலையப் போட்டுட்டுச் சோறு வரலைன்னா நம்ம பெரிய மனுசங்க பண்ற ரகளையப் பாத்ததில்லையா? மொதல்ல சோத்த எறக்கு, பெறகு பிள்ளைய ஒக்காரவை.

அந்தக் கடிக்கிற பயலுக்கு ரெண்டு வயசு. கோவம் வந்தா ஒனக்கு வாய் இருக்கு, அவனுக்குப் பல்லுதான இருக்கு? "எனக்குக் குடு"ன்னு சொல்லப் பழக்கிவிடு. பேச்சு வர வர, பல்லு தானா ஓஞ்சுரும். நீ என்னடான்னா, ஊசி போடுற நர்சம்மா வர்றாகன்னு மெரட்டுற. இனி அந்தம்மா நெசமாவே தடுப்பூசி போட வர்ற அன்னைக்குப் பிள்ளைக ஊருணிய மூணு சுத்து ஓடும். புடிக்க என்னையத்தான் கூப்பிடுவ. எனக்கோ முழங்கால் வலி.

வெளையாடுற பிள்ளை கையிலேருந்து பொம்மையப் பொசுக்குன்னு பிடுங்காத. சீரியல் ஓடுறப்பக் கரண்டு போனா ஒனக்கு வருதே, அந்தக் கோவந்தான் அதுக்கும். "இன்னும் ஒரு பாட்டுப் பாடுவோம், பெறகு எடுத்து வைப்போம்"னு முன்கூட்டியே சொல்லிவையி.

மாண்டிசோரின்னு ஒரு இத்தாலிக்காரம்மா 1939-ல மெட்ராசு அடையாறுக்கு வந்து டீச்சர்மாருக்கே பாடம் நடத்துச்சாம். என் பேத்தி சொல்லுவா. பிள்ளைக்கு எட்டுற ஒசரத்துல சாமான வையி, அதுவே எடுத்து, அதுவே திருப்பி வைக்கப் பழகும்னாகளாம். நம்ம பால்வாடியிலயும் பொம்மை இருக்கு, பீரோவுக்குள்ள, பூட்டோட. மேலதிகாரி வர்ற அன்னைக்கு மட்டும் கண்ணு முழிக்கும்.

எந்தக் காலேசுல படிச்சேன்னு கேக்காத. நாப்பது வருசமா ஆடு மேய்க்கிறேன். எதிர நின்னு கத்தினா மந்தை செதறும். மொத ஆட்டுக்கு வழி காட்டினா மத்தது பின்னால வரும். ஒரு ஆட்டையும் நான் அடிச்சதில்ல. காயம் பட்டாச் சந்தையில வெலை போகாதுல்ல? புளியவிளாரு அம்புட்டையும் பெத்த பயலுகளுக்குன்னே ஒதுக்கிவச்சேன்.

இன்னைக்கும் ஒரு கொரல் குடுத்தா ஆடு ஓடியாருது. பயலுக மூணு பேரும் திருப்பூர்ல இருக்கானுக. போன் போட்டா, மருமகளுகதான் எடுக்குதுக.