நோகாது, மகன்!

கெலிஓயாவிலிருந்து பேராதனைப் பல் வைத்தியசாலை பெரிய தூரமில்லை. கம்பளையிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி, சீட் கிடைத்து, மூச்சுவிடுவதற்குள் இறங்கவேண்டி வரும். அந்த இடைவெளிக்குள் நான் ஏழு வருடப் பாவத்தைக் கழுவவேண்டியிருந்தது.

மகன் சோறு தின்னாவிட்டாலும், உம்மம்மாவின் பாக்குவெட்டியில் கை வைத்தாலும் என் வாயில் வருவது ஒரே வசனம்: "டொக்டர்கிட்ட கூட்டிப் போய் ஊசி போடச் சொல்லுவேன்." பொலிஸ்காரரும் கோணிபில்லாவும் எங்கள் வீட்டில் சம்பளமில்லாமல் வேலை பார்த்து ஓய்ந்த பிறகு, அந்த இடத்துக்கு டொக்டரை நியமித்திருந்தேன். இப்போது அதே டொக்டரை நல்லவராக்க வேண்டும்.

முன்பற்கள் இரண்டும் விழுந்து, கூரையில் எறிந்து, புதுப் பல் தரச் சொல்லி அணிலிடம் ஒப்படைத்தாயிற்று. பிரச்சினை கடைவாய்ப் பல்லில் ஓட்டை. "விழுற பல்லுதானே, விட்டா என்ன?" என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். பாற்பற்கள் 20 என்றாலும் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்கவேண்டியவையாம். பின்னால் வரும் பல்லுக்கு, பஸ்ஸில் லேஞ்சி போட்டு சீட் பிடிப்பதுபோல, இடம் பிடித்து வைப்பது அவைதானாம்.

பஸ்ஸில் "நோகாது, மகன்" என்று ஐந்து தரம் சொல்லியிருப்பேன். ஆறாவது தரம் அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நோகாதுன்னா ஏன் வாப்பா சொல்லிக்கிட்டே வாறீங்க?"

இளம் பெண் டொக்டர். முதல் சிகிச்சை எனக்குத்தான் நடந்தது. "ஊசி, ரத்தம், நோகாது, மூணும் இங்க சொல்லவேணாம்." யோசித்துப் பார்த்தால் சரிதான், 'நோகாது' என்ற சொல்லில் 'நோ'தான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையின் காதுக்கு அதுவரைதான் கேட்கும்.

பிறகு அவர் செய்ததற்குப் பெயர் 'சொல், காட்டு, செய்' என்று அப்புறம்தான் படித்தேன். அடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 1959இல் எழுதி வைத்த முறை. சுழலும் பிரஷ்ஷை முதலில் மகனின் கட்டைவிரல் நகத்தில் ஓட்டிக் காட்டினார். கூச்சத்தில் சிரித்தான். எச்சிலை உறிஞ்சும் குழாய், தண்ணீர் குடிக்கும் யானைக்குட்டி ஆனது. நான் உச்சரிக்கக்கூடாத அந்தச் சாமானுக்குப் பெயர் 'பல்லுக்கு நித்திரை மருந்து'. முரசில் ஏதோ களிம்பு பூசி மரத்த பிறகுதான் அது வந்தது. நித்திரை மருந்து என்று கேட்டு மகன் கொட்டாவி விட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தது இதுதான்: இடது கையைத் தூக்கினால் டொக்டர் உடனே நிறுத்திவிடுவார். முதல் தரம் சோதித்துப் பார்க்கத் தூக்கினான். இரண்டாம் தரம், முதல் தரம் தற்செயலா என்று பார்க்க. வீட்டில் யாரும் தராத அதிகாரம்.

சிகிச்சைக் கதிரையில் பிள்ளைகள் நடந்துகொள்வதை நான்கு படிகளாக்கிப் புள்ளி போடும் முறையொன்றும் இருக்கிறது. பிராங்கலும் கூட்டாளிகளும் 1962இல் வகுத்தது. மகனுக்கு மேல்படி நிச்சயம். வாப்பாமாருக்கு அதில் இடமில்லை என்பது என் அதிர்ஷ்டம். நான் வளர்ந்த காலத்துப் பாடசாலைப் பல் கிளினிக் ஞாபகம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அந்த ஏற்பாடு நியூசிலாந்தைப் பார்த்து வந்தது. 1921இல் அதைத் தொடங்கிய அந்த நாட்டிலேயே, பிள்ளைகள் அந்தக் கிளினிக்குக்கு வைத்த பெயர் 'கொலை வீடு'. ஆக, நான் மட்டும் கோழையில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் டொக்டராகிவிட்டான். தேக்கரண்டியைக் கண்ணாடியாகப் பிடித்து, உம்மம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து, "இப்ப உங்கட பல்ல எண்ணப் போறேன், கை தூக்கினா நிப்பாட்டுவேன்" என்றான். அவர் கையைத் தூக்கவில்லை. வழக்கப்படி இரண்டு வரிசையையும் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டார்.

மகன் பொய்ப்பல் செட்டையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உம்மம்மா, அணில் உங்களுக்கு மட்டும் ஏன் திருப்பித் தரல்ல?"